நீரிறைக்கும் மோட்டரும் மின்கம்பியும்
கமக்காரர் அறியவேண்டிய ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்து நீரிறைத்த காலம் மாறி, இன்று வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் மின் மோட்டர் நீர் இறைக்கின்றது. மோட்டர் அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, அதன் சுருள் எரிந்தாலோ, இறைப்பு நேரம் நீண்டாலோ, மோட்டரை மாற்றுமுன் வீட்டிலிருந்து கிணற்றடிக்குச் செல்லும் கம்பியைச் சோதியுங்கள். குறை அதிலேயே இருத்தல் கூடும்.

மூன்று அளவுகள்

மின்னைத் தள்ளும் அழுத்தம் உவோற்றிலும், கம்பியிற் செல்லும் மின்னோட்டம் அம்பியரிலும், அதனைத் தடுக்கும் தடை ஓமிலும் அளக்கப்படும். ஒடுங்கிய நீண்ட குழாயின் முடிவில் நீரின் விசை குறைவதுபோல, மெல்லிய நீண்ட கம்பியின் முடிவில் மின்னழுத்தம் குறையும்.

தடை = அழுத்தம் ÷ மின்னோட்டம்
வலு = அழுத்தம் × மின்னோட்டம்

வலு உவாற்றிற் கூறப்படும். 1000 உவாற்று ஒரு மணி நேரம் செலவாயின் அஃது ஓர் அலகு.

கம்பியைச் சோதித்தல்

தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு, மோட்டருக்குப் பதிலாக நீர் நிறைந்த மின்கேத்தல் ஒன்றைக் கிணற்றடியில் இணைத்து அளக்கச் செய்யுங்கள். மோட்டரின் சுருளில் காந்த விளைவு சேர்வதால், மேற்கூறிய எளிய கணக்கு அதற்கு நேரே பொருந்தாது; வலுக்காரணியாலும் பெருக்கவேண்டும். கேத்தலுக்கு அது வேண்டியதில்லை.

கேத்தல் வேலைசெய்கையில் மின்மானியடியில் 230 உவோற்றும், கிணற்றடியில் 210 உவோற்றும், மின்னோட்டம் 8 அம்பியரும் உள்ளன எனக் கொள்வோம்.

கம்பியில் இழந்த அழுத்தம்: 230 − 210 = 20 உவோற்று
கம்பியின் தடை: 20 ÷ 8 = 2.5 ஓம்
கேத்தல் பெற்ற வலு: 210 × 8 = 1680 உவாற்று
கம்பியில் வீணான வலு: 20 × 8 = 160 உவாற்று

இனி, அதே கம்பியில் 10 அம்பியர் எடுக்கும் மோட்டரை ஓட்டினால், கம்பியில் வீணாகும் வலு 10 × 10 × 2.5 = 250 உவாற்று. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இறைத்தால், ஓர் அலகு மின்சாரம் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழியும். அதற்கும் நீங்களே பணம் செலுத்துகின்றீர்கள்.

மோட்டருக்கு நேரும் கேடு

பணநட்டத்தினும் பெரிது மோட்டரின் கேடு. அழுத்தம் குறைந்தால், சுமையைத் தாங்குவதற்காக மோட்டர் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். புறப்படும் வேளையில் மோட்டர் பன்மடங்கு மின்னோட்டத்தை எடுப்பதால், அப்பொழுது அழுத்தம் மேலும் தாழும். மோட்டர் சுழலாது நின்று எரியவும் கூடும்.

பரிகாரம்

1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிக்குப் பதிலாக 6 சதுர மில்லிமீற்றர் கம்பி இட்டால், தடை நான்கிலொன்றாகும். மேற்கூறிய தோட்டத்தில் நாளொன்றுக்கு முக்கால் அலகு, 30 நாளில் 22.5 அலகு மிஞ்சும்.

கவனிக்க வேண்டியவை

1. முறுக்கிக் கட்டிய தளர்ந்த மூட்டுகளை அகற்றுங்கள். அவையும் தடையைக் கூட்டிச் சூடேறும்.
2. மின்மானியடியிலேயே அழுத்தம் குறைவாயின், மின் வழங்குவோருக்கு அறிவியுங்கள்.
3. மோட்டரின் உலோக உடலுக்குப் புவித்தொடுப்பு இருத்தல் இன்றியமையாதது.
4. ஈரக் கையுடன் ஆளியைத் தொடாதீர்கள். மின் ஓடும் கம்பியை நீங்களே திறந்து அளக்க முயலாதீர்கள்.

கம்பி வாங்கும்போது விலையை மட்டும் பாராது, கிணற்றின் தூரத்தையும் மோட்டர் எடுக்கும் அம்பியரையும் கூறி, தக்க பருமனைக் கேட்டு வாங்குங்கள்.