எங்கிருந்து வந்தது? பல் வைத்தியம் பற்றிய கேள்விகள்

கேள்வி: பல்லைப் பிடுங்குமுன் ஊசி போட்டு ஈறை மரத்துப்போகச் செய்கிறார்களே, இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்ட மகானுபாவர் யார்?

பதில்: ஒருவர் அல்லர், பலர். அவர்களில் முதல்வரோ அந்தப் புண்ணியத்தின் பலனைச் சிறிதும் அனுபவியாமலே போனவர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரத்தில், கோல்டன் என்பவர் டிக்கெட் வைத்து ஒரு வேடிக்கைக் காட்சி நடத்தினார். நைட்ரஸ் ஆக்ஸைடு என்கிற சிரிப்பு வாயுவை உள்ளூர்க்காரர்களுக்குச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்கள் தம்மை மறந்து ஆடுவதையும் பாடுவதையும் கண்டு சபையோர் விலா நோகச் சிரிப்பதே அந்தக் காட்சியின் விசேஷம். அன்று வாயுவை முகர்ந்த மருந்துக்கடைக் குமாஸ்தா ஒருவர், தாறுமாறாக ஓடிக் காலைப் பலமாக இடித்துக்கொண்டு, அடிபட்டதையே உணராதவராய்த் தம் ஆசனத்தில் வந்து அமர்ந்ததைப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அதைக் கண்டு யோசனையில் ஆழ்ந்தவர், கூட்டத்தில் இருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்னும் 29 வயதுப் பல் வைத்தியர் ஒருவரே. மறுநாளே அவர் கோல்டனைத் தம் வைத்தியசாலைக்கு வரவழைத்து, வாயுவைத் தாமே முகர்ந்து, ஜான் ரிக்ஸ் என்ற சக வைத்தியரைக் கொண்டு தம்முடைய பல் ஒன்றையே பிடுங்கச் செய்தார். கண் விழித்தபோது வலித்த ஞாபகமே அவருக்கு இல்லை.

அடுத்த மாதமே அவர் பாஸ்டன் நகரத்துக்குச் சென்று, வைத்திய மாணவர்கள் கூடிய சபையில் இதைச் செய்து காட்ட முற்பட்டார். வாயுப் பையைச் சற்று முன்னதாகவே விலக்கிவிட்டபடியால் நோயாளி கத்திவிட, மாணவர்கள் "மோசடி, மோசடி" என்று கூச்சலிட்டு அவரை அவமானப்படுத்தி அனுப்பினார்கள். தமக்கு அதிகமாக வலிக்கவில்லை என்று அந்த நோயாளி பின்னால் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? 1846 அக்டோபர் 16-ஆம் தேதி, அதே பாஸ்டனில், வெல்ஸின் பழைய கூட்டாளியாகிய மார்ட்டன் ஈதரைக் கொடுத்து நோயாளியை மயக்க, வாரன் என்ற சர்ஜன் கழுத்துக் கட்டியைக் கீறிச் சிகிச்சை செய்ய, கீர்த்தி முழுவதும் மார்ட்டனைப் போய்ச் சேர்ந்தது. வெல்ஸோ குளோரோபாரத்தைத் தம் மீதே பரீட்சித்துப் பரீட்சித்துப் புத்தி பேதலித்து, 1848-இல் நியூயார்க் சிறைச்சாலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் அவரே முதல்வர் என்று ஒப்புக்கொண்டது 1864-இல். நம் உலகத்தின் மரியாதை எப்போதும் இப்படித் தாமதமாகத்தான் புறப்படும் போலும்.

தாங்கள் கேட்ட ஊசியின் வம்சாவளி வேறு. 1884-இல் வியன்னா நகரத்தில் கார்ல் கோலர் என்பவர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டு உணர்ச்சியை அடக்கிக் காட்டினார். அச்செய்தி அமெரிக்காவை எட்டியதும், நியூயார்க் சர்ஜன் ஹால்ஸ்டெட் அதையே ஊசியின் மூலம் கீழ்த்தாடை நரம்பருகே செலுத்தி வெற்றி கண்டார்; ஆனால் பரிசோதனையின் வேகத்தில் தாமே கொக்கெயினுக்கு அடிமையாகிவிட்டார். போதை தராத நோவகெயினைப் பிறகு ஜெர்மானிய ரசாயனி ஐன்ஹார்ன் தயாரித்தார். பெரிய ரண சிகிச்சைகளுக்கென்று அவர் செய்த மருந்தைப் பல் வைத்தியர்கள் ஆவலோடு கைக்கொண்டது அவருக்கு ரஸிக்கவில்லையாம்! இன்று நம் ஈறில் ஏறுவது பெரும்பாலும் ஸ்வீடன் தேசத்து லோஃப்கிரேன் 1943-இல் உண்டாக்கிய லிக்னோகெயின்.

கேள்வி: சொத்தைப் பல்லுக்குள் புழு இருக்கிறது, கண்டங்கத்திரி விதையைப் புகைத்தால் விழுந்துவிடும் என்று எங்கள் பாட்டி சாதிக்கிறார். நிஜந்தானா?

பதில்: தங்கள் பாட்டியாருக்குத் துணையாகப் பாபிலோனியர்களே நிற்கிறார்கள், பல் புழுவைச் சபித்து ஓட்டும் மந்திரம் அவர்களுடைய களிமண் பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் ஹென்பேன் என்ற செடியின் விதையைத் தணலிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடிப்பது நெடுங்கால வழக்கம். உஷ்ணத்தில் வெடித்த விதையிலிருந்து பிதுங்கும் வெண்மையான முளை, நீருள்ள கிண்ணத்தில் விழுந்து மிதக்கும்போது அசல் புழுவைப் போலவே தோன்றுமாதலால், வைத்தியனும் நம்பினான், நோயாளியும் நம்பினான். பாரிஸ் நகரத்துப் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் வைத்திய நூலில், பூதக் கண்ணாடியால் சோதித்தும் தாம் புழு எதையும் காணவில்லை என்று எழுதி அக்கொள்கைக்கு முதற்பெரும் அடி கொடுத்தார். 1890-இல் பெர்லினில் வில்லோபி மில்லர் உண்மையை விளக்கினார். பல்லிடுக்கில் தங்கும் மாவையும் சர்க்கரையையும் வாயிலுள்ள நுண்கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலமே பல்லை அரிக்கிறது. ஆக, உள்ளே ஒரு ஜீவன் இருந்துகொண்டு பல்லைக் கெடுக்கிறது என்பதில் பாட்டியார் கட்சி தோற்றுவிடவில்லை. அதன் உருவத்தில்தான் பிசகு.

கேள்வி: பல்லைக் குடையும் யந்திரத்தின் சத்தமே பயத்தைக் கொடுக்கிறதே! இது யாருடைய வேலை?

பதில்: யந்திரம் புதியது, குடைவது மிகப் புராதனமானது. பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னுமிடத்துப் புதைகுழிகளில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 11 கடைவாய்ப் பற்களில் கல்முனையால் துளைத்த குழிகளைக் கண்டிருக்கிறார்கள். துளையின் ஓரங்கள் மென்று மென்று தேய்ந்திருப்பதால், அவை உயிரோடு இருந்தவர்களின் வாயில் துளைத்தவையே. 1871-இல் மாரிஸன் என்ற அமெரிக்கர், தையல் மிஷினைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் துரப்பணத்துக்குப் பேடண்ட் பெற்றார். நான்கு வருஷத்தில் மின்சாரத் துரப்பணமும் வந்துவிட்டது. தங்களைப் பயமுறுத்தும் கீச்சொலி 1957-இல் போர்டன் என்பவர் வெளியிட்ட ஏரோட்டரின் குரல். அழுத்தப்பட்ட காற்று ஒரு சின்னஞ்சிறு சக்கரத்தை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,00,000 சுற்றுச் சுழற்றுவதால் எழும் ஒலி அது. பீய்ச்சும் தண்ணீர் அந்தச் சுழற்சியின் சூட்டைத் தணிப்பதற்கு. பழைய துரப்பணம் மெதுவாகச் சுழன்று மண்டை ஓடே அதிரும்படி செய்தது. இது சத்தம் போட்டாலும் காரியத்தைச் சீக்கிரம் முடிக்கிறது.

கேள்வி: 'ரூட் கெனால்' என்கிறார்களே, அது என்ன?

பதில்: பல்லின் நடுவே ரத்தக் குழாய்களும் நரம்பும் அடங்கிய மிருதுவான கூழ் ஒன்று உண்டு. சொத்தை அதுவரை சென்று சீழ் பிடித்தால், அக்கூழை வேர்நுனிவரை சுரண்டியெடுத்து, வெற்றிடத்தைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவதே இச்சிகிச்சை. முதன்முதலில் 1838-இல் எட்வின் மேனார்டு, கடிகாரத்தின் வில்லை அராவி இதற்கான மெல்லிய கருவியைச் செய்தார். அடைப்பதற்கு இன்றும் பயன்படுவது மலாய்க் காடுகளின் மரம் ஒன்றிலிருந்து வடியும் கட்டாபெர்ச்சா. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டதும் அதே பால்தான். 'ரூட் கெனால் வலிக்கும்' என்று அஞ்சுவோர், வலி கெட்டுப்போன கூழினுடையதே அன்றிச் சிகிச்சையினுடையது அன்று என்பதை உணர வேண்டும்.

கேள்வி: என் தகப்பனாருக்குத் தாடை எலும்பில் திருகு பொருத்திப் பல் கட்டலாம் என்கிறார் வைத்தியர். இந்த 'இம்ப்ளான்ட்' நம்பத் தகுந்ததா?

பதில்: இதைக் கண்டறிந்தவர் பல் வைத்தியரே அல்லர். 1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில், எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஓடும் விதத்தை நேரில் காண விரும்பிய பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், கண்ணாடிச் சாளரமுள்ள, டைட்டேனியத்தால் ஆன சிறு கூடு ஒன்றை முயலின் கால் எலும்பில் பதித்துப் பார்த்தார். சோதனை முடிந்து, விலையுயர்ந்த அந்தக் கூட்டைத் திரும்ப எடுக்கப் போனால், அது வரவில்லை. எலும்பு அதைத் தன் உறவாகவே பாவித்து இறுகப் பற்றியிருந்தது. 1965-இல் கோத்தன்பர்க் நகரத்தில், பிறவியிலேயே தாடை கோணியிருந்த யோஸ்டா லார்சன் என்பவருக்கு டைட்டேனியத் திருகுகளைப் பொருத்தி அவற்றின் மீது பல் வரிசையை அமைத்தார் பிரானெமார்க். லார்சன் 2006-இல் காலமாகும் வரையில், நாற்பது வருஷங்களாக அந்தத் திருகுகள் உழைத்தன. ஆகையால் தாராளமாக நம்பலாம். ஒன்று மாத்திரம் செய்யுங்கள்: புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை வியாதி கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் எலும்பு திருகைப் பற்றாமற்போகும் அபாயம் அதிகமாதலால், தங்கள் தகப்பனாருக்கு அவற்றில் ஏதேனும் இருந்தால், திருகு பொருத்தத் தேதி குறிக்குமுன் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.