கையேந்துவோரும் காவல் துறையும்

கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா சாலை. அங்கே ஒரு துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடை வாசலில் காலையிலிருந்து ஒருவர் அமர்ந்து கையேந்துகிறார். வாடிக்கையாளர்களில் சிலர் ஓரமாக ஒதுங்கி உள்ளே நுழைகின்றனர். சிலர் வேறு கடைக்குப் போய்விடுகின்றனர். நண்பகலில் கடைக்காரர் பொறுமை இழந்து காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். "இங்கே ஒருவர் பிச்சை எடுத்துத் தொல்லை கொடுக்கிறார். உடனே வந்து பிடித்துக்கொண்டு போங்கள்!"

இதற்குப் பிறகு கைது, லாக்கப், அபராதம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், சட்டம் காட்டும் வழி வேறு.

இது தொடர்பாக மலேசியாவில் நடப்பில் உள்ள முக்கியச் சட்டம், 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். மலாயில் இதனை 'அக்தா ஓராங் பாப்பா' என்பர். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் வகையிலோ, தொல்லை தரக்கூடிய வகையிலோ கையேந்துபவரை இச்சட்டம் 'ஆதரவற்றவர்' என்று அழைக்கிறது. 'குற்றவாளி' என்று அழைக்கவில்லை. பிழைக்க வழியோ தங்க இடமோ இன்றிப் பொது இடத்தில் சும்மா திரிபவரும், கையேந்தாவிட்டாலும், இதே பெயருக்குள் அடங்குகிறார். இத்தகையவரைப் பொறுப்பேற்கும் அதிகாரம் சமூக நல அதிகாரிக்கும் ஊராட்சி மன்றம் நியமித்த அதிகாரிக்கும் உரியது. காவல் துறையின் கடமை, அவர்கள் கேட்கும்போது துணை நிற்பதாகும். அதாவது, புகாரைக் கேட்பவர் ஒருவர். பொறுப்பேற்க வேண்டியவர் இன்னொருவர்.

இருப்பினும், பெரும்பாலும் முதலில் அழைக்கப்படுவது காவல் துறைதான். எனவே, தெருவுக்கு வந்து சேரும் காவலர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் முன்னே அமர்ந்திருப்பவர் யார் என்று கண்டறிவதாகும். வெளிப்பார்வைக்கு எல்லாக் கைகளும் ஒன்றுபோலத்தான் நீள்கின்றன.

சிலருடைய செயல் உண்மையிலேயே குற்றமாக இருக்கும். "காசு தராவிட்டால் காரைக் கீறிவிடுவேன்" என்று மிரட்டுபவர் பிச்சை கேட்கவில்லை. மிரட்டிப் பணம் பறிக்கிறார். அவர்மீது தண்டனைச் சட்டத் தொகுப்பின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம். இதில் காவலருக்குக் குழப்பம் இல்லை.

கையேந்துவது சிறுவன் அல்லது சிறுமியாக இருந்தால் நிலைமை மாறுகிறது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, அக்குழந்தை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகும். காவலரே அக்குழந்தையைத் தற்காலிகமாகப் பாதுகாப்பில் எடுக்கலாம். குற்றம் செய்தவர், பிச்சை எடுப்பதற்காகக் குழந்தையைத் தெருவில் விட்ட பெரியவரே. அவர் அக்குழந்தையின் தாயாகவோ தந்தையாகவோ இருந்தாலும் சட்டம் விலக்கு அளிப்பதில்லை.

இவற்றைவிடக் கடினமானது, பிறருக்காகக் கையேந்துபவரை அடையாளம் காண்பது. காலையில் ஒரு வேன் வந்து ஒருவரை இறக்கிவிட்டுப் போகும். இடையிடையே யாரோ வந்து தட்டில் சேர்ந்த பணத்தை எடுத்துச் செல்வார். அமர்ந்திருப்பவரிடம் அடையாள அட்டையோ கடப்பிதழோ இருக்காது. அது வேறொருவரிடம் இருக்கும். "எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அல்லது சொல்லப் பயப்படுவார். இத்தகையவர் ஆள் கடத்தலால் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். அவ்வாறு கட்டாயப்படுத்தும் கும்பல்களைத் தண்டிக்க 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்நிலையில் காவலர் "எழுந்து போ" என்று விரட்டிவிட்டால் என்ன ஆகும்? கடைக்காரரின் புகார் தீர்ந்துவிடும். மறுநாள் அதே மனிதர் வேறு தெருவில் அமர்த்தப்படுவார். பணத்தை எடுத்துச் செல்பவர் மட்டும் யார் கண்ணிலும் படமாட்டார். ஆகவே, புகார் செய்பவர் 'தொல்லை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில் எந்த வாகனம் வந்தது, கூட யார் இருந்தார், குழந்தை உண்டா, காயம் உண்டா என்று சொன்னால் விசாரணைக்குப் பெரிதும் பயன்படும். உயிருக்கு ஆபத்தென்றால் 999. கைவிடப்பட்ட ஒருவருக்கு உதவி தேவையென்றால் தாலியான் காசே எனப்படும் 15999. இரண்டாவது எண் இருப்பது தெரியாமலேயே பலரும் முதல் எண்ணை அழைக்கின்றனர்.

கையேந்துபவர் வெளிநாட்டவராக இருந்தால் குடிநுழைவுத் துறையும் இதில் இணைகிறது. அவர்களிலும் அகதிகள் இருக்கிறார்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருப்பவரைக்கூட நம் நாட்டுச் சட்டம் அகதி என்று தனியாக ஏற்பதில்லை. வேலை செய்யும் உரிமை சட்டப்படி இல்லாத ஒருவரிடம் "உழைத்துச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்பது எளிது. அவர் பதில் சொல்வதுதான் கடினம்.

புகார்கள் பெருகும்போது, நகரையே ஒரே வீச்சில் 'தூய்மை' செய்துவிடலாம் என்ற எண்ணமும் எழுவதுண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம், புக்கிட் பிந்தாங் வட்டாரத்திலுள்ள லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் வீடற்றோருக்கு இலவச உணவு வழங்கக் கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சு அறிவித்தது. பிச்சை கொடுப்போருக்கும் வாங்குவோருக்கும் அபராதம் என்ற பேச்சும் எழுந்தது. பொதுமக்களும் தொண்டு அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். உணவு வழங்கும் பணி நின்றுவிடவில்லை. உணவைத் தேடி மனிதர்கள் வருகிறார்களா, மனிதர்கள் இருப்பதால் உணவு வருகிறதா என்ற விவாதம் அப்போது பலமாக நடந்தது. (இரத்தலைப் பற்றிய இந்த இருமனம் இன்று தோன்றியதன்று. திருக்குறளிலேயே 'இரவு', 'இரவச்சம்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. முன்னது கேட்கத் தக்கவரிடம் கேட்கலாம் என்கிறது. பின்னது கேட்கவே அஞ்சுகிறது.)

மிரட்டாத, கடத்தப்படாத, இந்நாட்டுக் குடிமக்களான மற்றவர்கள்? முதியவர், நோயாளி, மாற்றுத்திறனாளி, வேலை இழந்து வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தவர் ஆகியோரே அவர்கள். ஆதரவற்றோர் சட்டம் முழுமையாகச் செயல்படுவது இவர்கள்மீதுதான். அதிகாரி இவர்களைப் பொறுப்பேற்ற 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் ஒரு மாதம்வரை நலன்புரி இல்லத்தில் தற்காலிகமாகத் தங்க ஆணையிடலாம். அதற்குள் சமூக நல அதிகாரி விசாரித்து அறிக்கை தருவார். அறிக்கையைப் படித்தபின், அவரை விடுவிக்கலாம். அல்லது மூன்றாண்டுக்கு மிகாத காலம் இல்லத்தில் தங்க வேண்டும் என்று ஆணையிடலாம். ஜொகூரின் மெர்சிங்கிலும் பகாங்கின் ஜெராண்டுட்டிலும் உள்ள 'டேசா பினா டிரி' இல்லங்கள் இதற்கானவை. அங்கு உணவும் உறைவிடமும் தொழிற்பயிற்சியும் கிடைக்கின்றன. ஆனால், அனுமதியின்றி வெளியேறினால் மூன்று மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டியுள்ளது. மூன்றாண்டு என்பது ஒரு மாணவர் முதல் படிவத்தில் சேர்ந்து மூன்றாம் படிவத்தை முடிக்கும் காலம். சிறு திருட்டுக்குச் சிறை செல்பவர்கூட இதைவிட விரைவில் வீடு திரும்பக்கூடும். உதவி என்ற பெயரில் வந்தாலும், ஒருவருடைய நடமாட்டத்தை இத்தனை காலம் கட்டுப்படுத்துவது சாதாரணச் செயலன்று. அதனால்தான் முடிவு, புகார் செய்தவரிடமும் காவலரிடமும் விடப்படாமல் மாஜிஸ்திரேட்டின் கையில் வைக்கப்பட்டுள்ளது.

காலம் முடியும்முன்பே விடுதலை பெறவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு வேலை கிடைத்திருந்தால் அல்லது வேறு வருவாய் ஏற்பட்டிருந்தால் வெளியேறலாம். இரண்டும் இல்லாதபோது, அவரைப் பேணிக் காக்க மனமும் வசதியும் உள்ள ஒருவர் முன்வர வேண்டும். இளையவர்கள் முதலிரண்டு வழிகளில் முயலலாம். எழுபது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் மூன்றாவது வழியே எஞ்சுகிறது. பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் அதிகாரி கேட்கும்போது, சிலர் தெரிந்தும் சொல்வதில்லை.