கரும்பழுப்பு முட்டைக்கு எந்தக் கோழி?

கேள்வி: லயத்துக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கிறேன். கடும் பழுப்பு முட்டைக்கு எந்த இனம் வாங்கலாம்?
– வாசகி, பலாங்கொடை

பதில்: சாக்லேட் நிற முட்டைக்குப் பேர்போனது பிரான்சின் மரான்ஸ். ஆனால் அந்நாட்டு வகைக்குக் காலிலும் இறகு உண்டு. உங்கள் இரத்தினபுரி மாவட்ட மழைச் சேற்றில் பெரும்பாடுதான். நெதர்லாந்தின் வெல்சமர், பார்னவெல்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. இவை கிடைக்காவிட்டால் ரோட் ஐலண்ட் ரெட் போதும். நிறம் மட்டும் சற்று இளசு.

தீனி மாற்றி ஓட்டைக் கறுப்பாக்க முடியாது, தங்கச்சி. அது பரம்பரைச் சாயம். முட்டை வெளிவருவதற்கு முந்தைய கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படிகிறது. தொடர்ந்து முட்டையிட்டால் நிறம் வெளிறும், ஓய்வுக்குப் பின் மீண்டும் கறுக்கும். கீரை போட்டால் நிறம் கூடுவது மஞ்சள் கருவுக்கு. சத்தோ, வெள்ளை முட்டையிலும் அதேதான்!