நம்பர் இருந்தால் கட்டு வரும்: கோர்ட் காகிதம் தேடுவோருக்குச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று உண்டு. யார் என்ன சாட்சி சொன்னார்கள், எந்த வக்கீல் எப்படி மடக்கினார் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். பேங்கில் கடன் கேட்டுப் போனபோது "டிகிரி காப்பி கொண்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அதற்காக அலைந்ததில் கற்றுக்கொண்டவை இவை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்கும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கும் உதவும்.

1. கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: வழக்கு எண், வருஷம், எந்தக் கோர்ட். இவை இல்லாமல் நான் மூன்று முறை போய் வந்தேன். "அம்மா, நம்பர் இல்லாம எந்தக் கட்டுன்னு எடுக்கறது?" என்றார் அங்கிருந்த ஊழியர். கேட்டது நியாயம்தான். துணியில் சுற்றிய கட்டுகள் வருஷ வாரியாக அடுக்கியிருக்கும், அதற்குள் எண் வாரியாக இருக்கும். பெயர் சொன்னால் கட்டு எழுந்து வராது. கடைசியில் நம்பர் கிடைத்தது வீட்டிலேயேதான். பெரியப்பாவின் தகரப்பெட்டியில், பழைய உரமூட்டை ரசீதுகளுக்கு நடுவே, வக்கீல் குமாஸ்தா போட்ட ஒரு போஸ்ட்கார்டு. "தங்கள் ஓ.எஸ். வழக்கு வாய்தா வருகிற 12-ந் தேதி. தவறாமல் வரவும்" என்று இரண்டே வரி. மேலே நம்பர், வருஷம். அந்தக் காலத்தில் வாய்தாவை இப்படித்தான் தெரிவிப்பார்கள். அதனால் முதலில் பரண், பெட்டி, சாமி படத்துப் பின்பக்கம் எல்லாம் தேடுங்கள். சம்மன், வக்கீல் ஃபீஸ் ரசீது, கமிஷனர் வந்து அளந்த நோட்டீஸ், எதிலாவது நம்பர் இருக்கும். பிறகு எழுதிய கிரயப் பத்திரத்தில் "இன்ன கோர்ட் இன்ன வழக்கில் ஏற்பட்ட தீர்ப்பின்படி" என்று பாத்தியம் சொல்லியிருப்பார்கள். அதையும் வரி விடாமல் படியுங்கள்.

2. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தைத் தவறவிடாதீர்கள். ஓ.எஸ். என்றால் மூல சிவில் வழக்கு. ஏ.எஸ். அப்பீல். ஐ.ஏ. வழக்குக்குள் போட்ட இடை மனு. ஈ.பி. டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு. சி.சி. மாஜிஸ்திரேட் கோர்ட் கிரிமினல் வழக்கு, எஸ்.சி. செஷன்ஸ் வழக்கு. எம்.சி.ஓ.பி. வாகன விபத்து நஷ்டஈடு. ஒரே நம்பர், ஒரே வருஷம் இத்தனை வகையிலும் இருக்கலாம்.

3. உங்கள் ஊர் இன்று எந்த மாவட்டம் என்பதைவிட, வழக்குப் போட்ட நாளில் எந்த மாவட்டம் என்று பாருங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன் விழுப்புரம். 1993-க்கு முன் தென்னாற்காடு, அதன் தலைநகர் கடலூர். ஆகவே பழைய வழக்கின் அப்பீல் விழுப்புரத்திலோ கடலூரிலோ நடந்திருக்கலாம். அப்பீல் போனால் கீழ்க் கோர்ட் கட்டும் கூடவே மேலே போகும். "இங்க இல்லம்மா" என்று சொன்னால் மனம் உடைந்து திரும்பாதீர்கள், "அப்பீலுக்கு அனுப்பின தேதி ரிஜிஸ்டர்ல இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்னொன்று, சங்கராபுரம் பக்கத்துக்காரர் என்பதால் கட்டு சங்கராபுரத்தில்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சொத்தின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா என்பது மாறும். கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் கோர்ட்டுகளையும் சேர்த்து விசாரியுங்கள்.

4. மலைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் ஒரு படி கூடுதல். கல்வராயன் மலை ஒன்றுதான். ஆனால் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். எல்லைக்குப் பக்கத்து நிலமென்றால் ஆத்தூர் கோர்ட்டையும் கேட்டுவிடுவது நல்லது. இந்த மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்டது 1976-ல்தான். அதற்கு முந்தைய நிலச் சங்கதிக்கு தாலுகா ஆபீஸில் சிட்டா கேட்டு நின்றால் பயனில்லை. ஜாகீர்கள் பற்றிய பழைய அரசுக் கடிதப் போக்குவரத்தைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அங்கே அட்டவணை ஆங்கிலத்தில். 'கல்வராயன்' என்று தேடினால் சிக்காது. வெள்ளைக்காரர் எழுதியது 'கல்ராயன்'. டபிள்யூ. பிரான்சிஸ் 1906-ல் தொகுத்த தென்னாற்காடு கெஸட்டியரிலும் அப்படித்தான்.

5. வழக்கு அண்மைக் காலத்தது என்றால் அலைய வேண்டாம், போன் போதும். இ-கோர்ட்ஸ் ஆப் இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 எழுத்து கொண்ட ஒரு எண் உண்டு. மாநிலம், மாவட்டம், கோர்ட், எண், வருஷம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அது தெரிந்தால் வாய்தா தேதி, ஏற்றப்பட்ட உத்தரவு எல்லாம் உடனே வரும். தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரும் வருஷமும் போட்டுத் தேடலாம். இங்கேதான் பலர் தோற்பது. பெயர் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கும். சின்னசாமி கடைசியில் 'ஒய்' போட்டும் இருப்பார், 'ஐ' போட்டும் இருப்பார். அதனால் முழுப் பெயரையும் அடிக்காமல் முதல் நாலைந்து எழுத்து மட்டும் கொடுங்கள். அம்மா பெயரில் கிடைக்கவில்லையா, எதிர்க்கட்சி பெயரில் தேடுங்கள். 'நிலுவை', 'முடிந்தது' என்று பிரித்துக் கேட்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். முடிந்துபோன வழக்கை நிலுவைக்குள் தேடிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்த என் தம்பியைப் போல ஆகவேண்டாம்.

6. மலையில் நெட் கிடைக்காது, ஆனால் மெசேஜ் போகும். ஆங்கிலத்தில் இ-கோர்ட்ஸ் என்று இடைவெளியில்லாமல் அடித்து, ஒரு இடைவெளி விட்டு சி.என்.ஆர். எண்ணைச் சேர்த்து 9766899899-க்கு அனுப்பினால் வழக்கின் நிலவரம் பதிலாக வரும். மலைப் பஸ் பிடித்துக் கீழே இறங்கி, "ஜட்ஜ் லீவு" என்று கேட்டுத் திரும்புவது மிச்சமாகும்.

7. போனில் எடுத்த தீர்ப்பு படிக்கத்தான். பேங்க், சப்-ரிஜிஸ்ட்ரார், தாசில்தார் யாரிடம் கொடுப்பதானாலும் சான்றிட்ட நகல் வேண்டும். கோர்ட் வட்டாரத்தில் அதற்கு 'காப்பி போடுவது' என்று பெயர். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், தீர்ப்புத் தேதி, எந்தக் காகிதம் வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகல் பிரிவில் மனு கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டால் கெட்டது காரியம். எத்தனை பக்கம் என்று கணக்குப் போட்டு, இவ்வளவுக்கு ஸ்டாம்ப் கட்டு என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். 'கால் ஃபார்' என்பது அதுதான். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனுவை அடித்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. மனு கொடுத்த நாளிலிருந்து பலகையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாத மூலை கிடையாது.

8. நகல் கைக்கு வந்ததும் முன்பக்கத்தைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகச் சீலோடு குறித்திருப்பார்கள். சிவில் வழக்கில் அப்பீல் போட ஜில்லாக் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். நகல் வாங்கப் பிடித்த நாட்களை அந்தக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கணக்கு இந்தத் தேதிகளை வைத்துத்தான். தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் விட்ட நாளுக்குச் சலுகை எதிர்பார்க்காதீர்கள். தீர்ப்பு எதிராக வந்தால் அன்றைக்கே, அழுது முடிப்பதற்கு முன்பே காப்பி போட்டுவிடுங்கள்.

9. தீர்ப்பு வேறு, டிகிரி (தீர்ப்பாணை) வேறு. தீர்ப்பில் காரணம் இருக்கும்; டிகிரியில் முடிவும் சொத்து விவரமும் இருக்கும். இரண்டுக்கும் மனு போடுங்கள். பாகப்பிரிவினை என்றால் இன்னும் ஒன்று. 'முதல்நிலைத் தீர்ப்பாணை' யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். கமிஷனர் அளந்து, இந்த வரப்புக்கு வடக்கே இவருக்கு என்று பிரித்துக் கொடுப்பது 'இறுதித் தீர்ப்பாணை'. அது முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். "கேஸ் ஜெயிச்சாச்சு" என்று முதல்நிலையோடு இனிப்புக் கொடுத்து நிறுத்திவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. எங்கள் தாத்தாவும் அதில் ஒருவர் என்பது போஸ்ட்கார்டு கிடைத்த பிறகுதான் தெரிந்தது.

10. வழக்கில் கட்சிக்காரர் இல்லாதவரும் நகல் கேட்கலாம். ஆனால் ஏன் வேண்டும் என்று அபிடவிட்டோடு மனு போட்டு, ஜட்ஜ் அனுமதிக்க வேண்டும். நிலம் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சிரமம் பட்டாலும் தகும். வில்லங்கச் சான்றில் வராத வழக்குகள் உண்டு.

11. கிரிமினல் வழக்கில் சில நகல்கள் இலவசம். தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. பாலியல் குற்றம் போன்றவை மட்டும் விலக்கு. குற்றப்பத்திரிகையும் கூட வரும் காகிதங்களும் குற்றம்சாட்டப்பட்டவருக்கு இலவசம். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில், வக்கீல் வைத்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை அப்போதே இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

12. "ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிடலாமே" என்பார்கள். வழக்குக் காகிதத்துக்கு அது செல்லாது. கோர்ட் விதிப்படி நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று குஜராத் ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் நம் ஊரில் 'ஆர்.டி.ஓ. கோர்ட்' என்று சொல்கிறோமே, அது வருவாய்த்துறை ஆபீஸ். பட்டா மாற்றத்தில் தாசில்தார் போட்ட உத்தரவு, கோட்டாட்சியர் அப்பீல் உத்தரவு, டி.ஆர்.ஓ. நடவடிக்கைக் குறிப்பு, மலையில் வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்பதெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் தாராளமாகக் கேட்கலாம். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். "ஏன் கொடுக்கவில்லை?" என்று சண்டைக்குப் போவதுபோல எழுதாதீர்கள். "இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள உத்தரவின் நகல்" என்று கேளுங்கள். காரணம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், காகிதம் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

13. வழக்குக்காகக் கொடுத்த அசல் பத்திரம் கோர்ட்டிலேயே தூங்குகிறதா என்று பாருங்கள். வழக்கும் அப்பீல் கெடுவும் முடிந்த பிறகு மனு போட்டுத் திரும்ப வாங்கலாம். கோர்ட்டில் எல்லாக் காகிதமும் காலமெல்லாம் இருக்காது. குறிப்பிட்ட வருஷங்களுக்குப் பிறகு விதிப்படி கழித்துவிடுவார்கள்.

14. வக்கீலுக்குக் காசில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு, 1987 சட்டம். போன் 15100. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாதிச் சான்றைக் கூடவே வைத்திருங்கள். பழங்குடிப் பட்டியலில் இன்றும் 'தென்னாற்காடு' என்றே இருக்கும். கள்ளக்குறிச்சி பெயர் இல்லையே என்று யாராவது இழுத்தால் மூன்றாவது குறிப்பில் உள்ள வருஷங்களைச் சொல்லுங்கள்.

15. உங்கள் பெயர் இல்லாத வழக்கும் உங்களுடையதாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். அதன்பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை ஹைகோர்ட், நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வில், தானாகவே வழக்கு எடுத்தது. ஹைகோர்ட் இணையதளத்தில் அதன் உத்தரவுகளைத் தேடி எடுத்து, கிராம சபையில் ரோடு கேட்கும்போது கையில் வைத்துக்கொள்ளலாம்.

16. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. நகல் அவசரமென்றால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள்.

17. வாங்கி வந்த நகலை லேமினேஷன் செய்யாதீர்கள். சீலையும் ஸ்டாம்பையும் தடவிப் பார்க்க முடியாமல் போனால் ஆபீஸில் சந்தேகப்படுவார்கள். பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் முடியாது. நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வெளியே வைத்துக்கொண்டு, அசல் நகலைத் துணிப்பையில் போட்டு, ஈரச் சுவரில் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பையின்மேல் வழக்கு எண், வருஷம், கோர்ட், காப்பி மனு எண் நான்கையும் எழுதுங்கள். அதையே வீட்டில் மூன்று பேர் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அந்தப் போஸ்ட்கார்டையும் அதே பையில்தான் வைத்திருக்கிறோம். இறுதித் தீர்ப்பாணைக்கு மனு போட்டிருக்கிறது, அடுத்த வாய்தா செவ்வாய்க்கிழமை.