கடன் தீர்க்க வழி கேட்கவும் காசு வேண்டுமா?

கடன்பட்டவரின் கையில் காசில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் "என்னால் கட்ட முடியாது" என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கே பணம் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்விக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. வயலை விட்டு வந்தும் கடனை விட்டுவர முடியாத எமக்கு அதில் படிக்க வேண்டியவை உண்டு.

வங்குரோத்து என்பது என்ன?

ஒருவர் தமது கடன், வருமானம், உடைமை யாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்து, நீதிமன்றத்தில் விடுதலை கேட்பதே வங்குரோத்து. மனு பதிவானதும் கடன்காரர் நெருக்குவதைப் பொதுவாக நிறுத்த வேண்டும். பிள்ளைப் பராமரிப்புப் பணம் போன்ற சில கடன்கள் மட்டும் நீங்குவதில்லை.

செலவு எவ்வளவு?

அந்நாட்டில் சாதாரண மனுவுக்கான கட்டணம் 2020 டிசம்பரிலிருந்து 338 டொலர். சட்டத்தரணியின் கூலி இதைவிடப் பல மடங்கு. அதைப் பெரும்பாலும் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். ஏனெனில் பாக்கி வைத்தால் அந்தக் கூலியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து அழிந்துபோகலாம்!

ஒரு வழக்கு

நியூயோர்க்கில் வேலையிழந்த குடும்பத்தலைவர் ஒருவர் 1971இல் மனுச் செய்தார். அப்போது கட்டணம் 50 டொலர். அதைக் கட்டவும் வழியில்லை என்றார். ஒன்பது மாதத்தில் கட்டினால் வாரம் 1.28 டொலர்தானே என்றது அதியுயர் நீதிமன்றம். 1973இல் ஐந்து நீதியரசர்கள் அவருக்கு எதிராகவும் நால்வர் அவருக்குச் சார்பாகவும் நின்றனர். அவர் தோற்றார். வாரம் இரண்டு டொலருக்கும் குறைவான தொகையைச் சேமிப்பதுகூட வறியவருக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பலர் அறிவதில்லை என்று நீதியரசர் மார்ஷல் தமது மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். 2005இல் சட்டம் மாறியது.

இன்றுள்ள வழிகள்

1. தவணை: விண்ணப்பித்து அனுமதி பெற்றால், 120 நாட்களுக்குள் நான்கு தவணைகளில் கட்டலாம். தவறினால் வழக்குத் தள்ளுபடியாகலாம்.

2. கட்டண விலக்கு: சாதாரண மனுவில், வருமானம் அரசின் வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்குக்குக் குறைவாகவும் தவணையிலும் கட்ட இயலாமலும் இருந்தால் நீதிபதி விலக்களிக்கலாம். கேளாதவருக்கு அது கிடைக்காது.

3. இலவச சட்ட உதவி: வறியோருக்கு உதவும் சட்ட நிலையங்கள் சில வழக்குகளை ஏற்கின்றன.

கமக்காரருக்கு ஒரு தனி வழி

பண்ணைக் குடும்பங்கள் கடனில் மூழ்கியபோது, 1986இல் அவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டாக்கப்பட்டது. 2005இல் அது நிரந்தரமாயிற்று. இதற்குக் கட்டணம் 278 டொலர். நிலத்தைத் தொடர்ந்து பயிரிட்டபடியே, மூன்று முதல் ஐந்து ஆண்டுத் திட்டப்படி, அறுவடைக் காலத்தை ஒட்டிக் கடனைச் செலுத்தலாம். நீதிமன்றம் அனுமதித்தால் சட்டத்தரணியின் கூலியையும் இத்திட்டத்தினூடாகவே கொடுக்கலாம். மாதச் சம்பளமில்லாத கமக்காரரிடம் மாதந்தோறும் கேட்பதில் பயனில்லை என்பதை அச்சட்டம் உணர்ந்திருக்கிறது.

நாம் கற்பது

அந்நாட்டுச் சட்டம் எமது சட்டமல்ல. ஆயினும் எந்த நிவாரணத்தை நாடும்போதும் நாம் கேட்க வேண்டியவை ஒன்றே: முழுச் செலவு எவ்வளவு? தவணை உண்டா? விலக்கு உண்டா? பற்றுச்சீட்டுத் தருவீர்களா? கடனிலிருந்து மீளும் செலவுக்காக இன்னொரு வட்டிக் கடன் எடுக்கக் கூடாது. கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் கையொப்பம் வைப்பதிலேயே ஆபத்து.

கலந்துரையாடுவோம்

1. எமது கடன்களைத் தவணைத் திகதியோடு ஒரே தாளில் எழுதியிருக்கிறோமா?

2. எமது கடன் தவணைகள் அறுவடையை ஒட்டி அமைந்துள்ளனவா? இல்லையெனில், அதை மாற்றும்படி யாரிடம் சேர்ந்து கேட்கலாம்?