போனில் வைத்தியம்: பேரைக் கேளுங்கள், சீட்டைக் கேளுங்கள்



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், நம் குழு அக்கா ஒருவர் தன் மகளைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டார். பொண்ணுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, நைட் ஷிப்ட். காய்ச்சல் வந்ததும், லீவு போட்டால் சம்பளம் போகுமே என்று செல்போன் விளம்பரத்தில் பார்த்த நம்பருக்குப் பேசியிருக்கிறாள். பேசியவர் பேரே சொல்லவில்லை. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு மாத்திரைப் பேரை மட்டும் மெசேஜில் அனுப்பினார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. "யார் எழுதிக் கொடுத்தது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. இப்போது நலமாக இருக்கிறாள். ஆனால் ஒரு வாரச் சம்பளம் போனது போனதுதான்.

"போனில் வைத்தியம் பார்ப்பதே தப்பா?" என்று நம்மில் பலர் கேட்டோம். தப்பில்லை. சட்டம் அதற்கு இடம் தருகிறது, முறையும் வைத்திருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றுதான் மத்திய சுகாதார அமைச்சகம் தொலை மருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளோடு இவை சேர்க்கப்பட்டன.

1. டாக்டர் முதலில் தன் பேரையும் படிப்பையும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும்.

2. என்ன நோய் என்று ஓரளவாவது கணிக்காமல் மருந்து எழுதுவது நடத்தைக் குற்றம்.

3. பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றைப் போனில் பேசியே சொல்லலாம். வேறு சில மருந்துகளை முதல் தடவை எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்க்க வேண்டும். போதை தரும் மருந்துகளை எழுதவே கூடாது.

4. சிறு பிள்ளைகளுக்குக் கேட்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

5. கம்ப்யூட்டர் தானாக மருந்து எழுதக் கூடாது. டாக்டருக்கு உதவி செய்யலாம், அவ்வளவுதான்.

6. கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும்.

ஆன்லைனில் மாத்திரை வாங்கலாமா?

இது நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். மருந்து வணிகர் சங்கம் போட்ட வழக்கில், 2018 டிசம்பரில் தனி நீதிபதி, விதிகள் வரும் வரை ஆன்லைன் மருந்து விற்பனைக்குத் தடை போட்டார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. கடையோ ஆன்லைனோ, ஒன்று மட்டும் மாறாது. டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கேட்காமலே கொடுக்கிறார்களே என்று சந்தோஷப்படாதீர்கள், அங்கேதான் ஆபத்து.

காசில்லாமல் கேட்க வழி உண்டா?

உண்டு. அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்றால் போனில் வைத்தியம் தேடாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

மெசேஜை அழிக்காதீர்கள். பணம் கட்டிய விவரத்தையும் வைத்திருங்கள். டாக்டர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த அக்கா மகளிடம் பேரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அதனால் யார் மேல் புகார் கொடுப்பது என்றே தெரியாமல் போனது. இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது.

குழுவில் பேசுவோம்:

* நம் வீட்டில் யாராவது போனில் வைத்தியம் கேட்டிருக்கிறார்களா? சீட்டு வந்ததா? அதில் பதிவு எண் இருந்ததா?

* ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது? பொறுப்பை முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.