அடைப்பிடம் வகுக்கும் இளம் கலைஞருக்கு

பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உறைவிடம் வகுக்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் இளம் கலைஞருக்கு,

வீடு கட்டித் தருபவரிடம் அதில் குடியேறுபவர் குறைகளைச் சொல்லித் திருத்திக்கொள்ள முடியும். உயிரியல் பூங்காவிலோ செலவு செய்வது நிர்வாகமாகவும், பார்த்துப் பாராட்டுவது மக்களாகவும், உள்ளே வாழ்வது வாயில்லா உயிராகவும் இருப்பதால், வரைபடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல இயலாத அந்த மூன்றாம் தரப்பின் சார்பில் பேசும் பொறுப்பு வடிவமைப்பாளரையே சேர்கிறது. இப்பொறுப்பு தவறினால் பெருங்கலைஞர்களின் படைப்பும் பயனற்றுப் போகும் என்பதற்கு லண்டன் உயிரியல் பூங்காவின் பென்குயின் குளம் தக்க சான்று.

பெர்த்தோல்ட் லுபெட்கின் தலைமையிலான டெக்டன் குழுவினர், ஓவ் ஆரப் என்னும் பொறியாளரின் துணையோடு 1934-இல் கட்டிய அக்குளத்தில், நடுவே தூண் எதுவுமின்றி ஒன்றையொன்று தழுவிச் சுழன்றிறங்கும் இரு கான்கிரீட் சரிவுகள், நவீனக் கட்டடக் கலையின் அருஞ்சாதனையாக இன்றும் போற்றப்படுகின்றன. ஆனால் பிற்காலத்தில் அங்கு வைக்கப்பட்ட ஹம்போல்ட் பென்குயின்கள், பெரு, சிலி நாடுகளின் கடலோரங்களில் மண்ணைக் குடைந்து வளை அமைத்து முட்டையிடும் இனத்தைச் சேர்ந்தவை. குடைய மண்ணில்லாத அவ்விடத்தின் கடினமான தளம், அடிப்பாதம் வீங்கிச் சீழ் கட்டும் பாதப்புண்ணுக்கும் காரணமாயிற்று. 2004-இல் பறவைகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன; கட்டடமோ சட்டப் பாதுகாப்புப் பெற்ற மரபுச் சின்னமாக, குடியிருக்க எவருமின்றி எஞ்சியது.

ஆகவே இளம் கலைஞர் முதலில் பயில வேண்டியது கட்டுமானப் பொருள்களைவிட விலங்கின் நடத்தையையே. சுவிட்சர்லாந்தின் பெர்ன், பாசல், சூரிக் உயிரியல் பூங்காக்களை நடத்திய ஹைனி ஹெடிகர் விளக்கிய ‘விலகு தூரம்’ என்னும் கருத்து இதற்கு நல்ல தொடக்கமாகும். மனிதர் எவ்வளவு நெருங்கினால் ஒரு விலங்கு ஓடத் தொடங்குகிறதோ, அந்த இடைவெளியே விலகு தூரம். அடைப்பிடத்தின் அகலம் அதற்குக் குறைவாக இருந்து, மறைவிடமும் இல்லையெனில், தப்ப வழியற்ற விலங்கு நாள் முழுதும் அச்சத்திலேயே கழிக்கிறது. கார்ல் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் நகரை அடுத்த ஸ்டெல்லிங்கனில் கம்பிகளை நீக்கி அகழிகளால் விலங்குகளைப் பிரித்தபோது பார்வையாளரின் கண்ணுக்குத் தடை நீங்கியது. எனினும் கண்ணுக்குத் தெரியாத தடையும் தடையே என்பதையும், திறந்த வெளியாகத் தோன்றும் இடத்திலும் ஒதுங்க ஒரு மறைவு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பறவைக்கூடத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான பறவைகள் கிடைமட்டமாகப் பறப்பவை என்பதால் உயர்ந்து குறுகிய கூண்டைவிட நீண்ட கூண்டே அவற்றுக்கு உதவும். உட்காரும் கொம்புகள் ஒரே பருமனில் அமையாமல் பலவாறாக வேறுபட்டால்தான் பாதத்தின் ஒரே பகுதியில் எடை அழுந்தாமலிருக்கும். வலைக்கண்ணின் அளவை உள்ளிருக்கும் பறவையைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், வெளியிலிருந்து நுழையக்கூடிய எலியையும் பாம்பையும் கருதி முடிவு செய்ய வேண்டும். வலையைத் தரைக்கடியிலும் இறக்கிப் புதைப்பது தோண்டி நுழையும் உயிர்களைத் தடுக்கும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பியைக் கிளியினங்கள் கடித்தால் அது நஞ்சாகக்கூடும் என்பதால், அவற்றின் கூண்டுக்குத் துருப்பிடிக்காத எஃகே பாதுகாப்பானது. பராமரிப்பாளர் ஒரு கதவை மூடிய பின்னரே மறு கதவைத் திறக்கும்படி இரு கதவுகளுக்கிடையே சிற்றறை அமைத்தால், பறவை வெளியே பறந்துவிடும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

வகுத்த இடம் நாளை வேறோர் உயிருக்கும் பயன்படக்கூடும் என்பதும் கருதத்தக்கது. செட்ரிக் பிரைஸ், ஸ்னோடன் பிரபு, பிராங்க் நியூபி ஆகியோர் வடிவமைத்து 1965-இல் அதே லண்டன் பூங்காவில் திறக்கப்பட்ட மாபெரும் பறவைக்கூடம், இழுவிசையில் நிற்கும் வடங்களும் அவற்றின் மேல் போர்த்திய வலையுமாக அமைந்ததால், அதன் சட்டகத்தைக் காத்துக்கொண்டே வலையை மாற்றி, 2022-இல் கொலோபஸ் குரங்குகளின் இருப்பிடமாக்க முடிந்தது. உள்ளிருக்கும் வெளியைப் பெரிதாகவும் கட்டடத்தை மெல்லியதாகவும் வைத்த வடிவம் மாற்றத்துக்கு இடம் கொடுத்தது. சிற்பம்போல் இறுகிய பென்குயின் குளம் இடம் கொடுக்கவில்லை.

திறப்பு விழாவோடு வடிவமைப்பாளரின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஓராண்டு கழித்து அவ்விடத்துக்குத் திரும்பிச் சென்று, எந்தக் கொம்பு எச்சம் படியாமல் கிடக்கிறது, எந்த மூலை தேய்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் விலங்கு எங்கு ஒதுங்குகிறது என்பவற்றை நாள்தோறும் அங்கு பணிபுரியும் பராமரிப்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வதும், அக்குறிப்புகளைக் கொண்டு கட்டியதைத் திருத்துவதற்கான பணத்தை முதல் மதிப்பீட்டிலேயே கேட்டுப் பெற்றுவைப்பதும் இத்தொழிலின் கடமைகளாகும்.